ரிமோட்டின் எலும்பு

திருவாரூரில் வாடகைக் கார் ஓட்டும் பக்கிரிசாமி, 2014 ஆவணியில் இவ்வாறு சொல்லக் கேட்டேன்.

கல்யாண மண்டப வாசலில் ஒரு காரின் பேட்டரி செத்துப்போயிற்று. பூட்டிய டிக்கிக்குள் நாகஸ்வரம் அகப்பட்டுக்கொண்டது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரமே இருந்தது.

"சாவி நானிருக்க உமக்கென்ன கவலை, ஓய்?" என்ற காரின் ரிமோட், தன் பொத்தானைப் பத்து முறை அமுக்கிக்கொண்டது. டிக்கி அசையவில்லை.

"பேச்சு போதும், திறவும்! தவில் தம்பி மேடையில் தனியாகத் திணறுகிறான்!" என்று கத்தியது நாகஸ்வரம்.

அப்போது ரிமோட்டின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய இரும்புச் சாவி பேசியது: "அண்ணே, நானும் சாவிதான். எனக்கு மின்சாரம் வேண்டாம், துளை இருந்தால் போதும்."

"நீயா? உன்னை என் எலும்பு என்றல்லவா நினைத்திருந்தேன்!"

ரிமோட் வெட்கத்துடன் வாய் திறந்தது. இரும்புச் சாவி துள்ளிக் குதித்து, நம்பர் பலகைக்கு மேலிருந்த துளையில் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது. டிக்கி திறந்தது. நாகஸ்வரம் மேடைக்கு ஓட, கெட்டிமேளம் முழங்கியது.

மன்னார்குடிப் பக்கம் சொல்வோர் முடிவை மாற்றுகின்றனர். அங்கே டிக்கி திறப்பதே இல்லை. நாகஸ்வரம் உள்ளிருந்தபடியே வாசிக்கிறது. மணமக்கள் காருக்குப் பின்னால் வந்து நிற்க, அங்கேயே தாலி கட்டப்படுகிறது.