நண்டுக்கு ரெண்டு ஓட்டை

கணவாய் மீனு ஒண்ணு தின்னுபுடுவேன்னு துரத்த, நண்டு விழுந்தடிச்சு ஓடியாந்துச்சு. பாறையில பூவாட்டம் ஒட்டியிருந்த கடல் பிராணி, கடல் தாமரை, "என் மடிக்குள்ள ஒளிஞ்சுக்கய்யா"ன்னு கூப்புட்டுச்சு.

நண்டு வாசல்லயே நின்னு மூஞ்சியச் சுளிச்சுச்சு. "அய்யே! தின்ன வாயாலயே கழிவையும் துப்புவியாமே? எங்க பூட்டன் புழுவா இருந்தப்பவே, ஒண்ணுக்குப் போக உடம்பு நெடுக ஓட்டை வச்சிருந்தவரு. தலைமுறைக்குத் தலைமுறை கொறைஞ்சு, இப்ப எனக்கு அம்சமா ரெண்டே ரெண்டு!"

"அடேங்கப்பா! எந்தப் பக்கம்?"

நண்டு தரையைப் பாத்துச்சு.

"கண்ணுக்குக் கீழ."

கடல் தாமரை சிரிச்ச சிரிப்புல பாறையே ஆடுச்சு. அதுக்குள்ள கணவாய் எட்டிப் புடிக்கிற தூரத்துக்கு வந்துருச்சு.

"யக்கா... யக்கோவ்..."

"வா, வந்து தொலை. மூஞ்சிய மட்டும் வாசப் பக்கமா வச்சுக்க!"