கைக்கு ஓர் அப்பளம்

உப்பளக் கரையில் எட்டுக் கிலோமீட்டர் ஓடப் புறப்பட்ட ஜெசிந்தாவுக்குக் கைக்கு ஒன்றாகப் பொரித்த அப்பளம் கொடுத்தார் பயிற்சியாளர் அருளானந்தம். அன்று வந்திருந்தது அவள் ஒருத்திதான். டப்பாவில் இருந்ததும் அந்த இரண்டுதான்.

"தோள எறக்கு பிள்ள. கை இறுகுச்சுன்னா ஓட்டம் அங்கனயே செத்துரும். நான் வண்டியில போயி மறுமுனையில நிக்கேன், ரெண்டும் ஒடையாம வந்து சேரணும். என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. கழுத்து திரும்புனா தோளு ஏறிரும்."

பாதி வழியில், உப்புக் குவியல்களைத் தாண்டியதும், பின்னால் இன்னொரு காலடி கேட்டது. அவள் கால் வைக்கும்போதே அதுவும் வைத்தது. காலை வெயில் நேரே முகத்தில் அடித்ததால் எந்த நிழலும் அவளுக்கு முன்னால் விழவில்லை.

"யாருண்ணே, உப்பு வாரப் போறியளா?" என்றாள்.

தாடையைத் தளர்த்தி, மூச்சை மெல்ல விட்டாள். விரல் நுனியில் அப்பளம் நடுங்கியதே தவிர உடையவில்லை. வேகத்தைக் கூட்டினாள், காலடியும் கூட்டியது. குறைத்தாள், அதுவும் குறைத்தது. மூச்சிரைப்பே கேட்கவில்லை. அவ்வளவு இலகுவான ஓட்டம், அருளானந்தம் பார்த்தால் மெச்சுவார்.

தூரத்தில் அவருடைய சிவப்புத் தொப்பி தெரிந்தது. கையசைக்க அவர் தூக்கிய கை பாதியில் நின்றது. அவர் பார்வை அவள்மேல் இல்லை.

"திரும்பாத பிள்ள! தோள எறக்கு!" என்று அலறினார்.

அப்போது அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் முழுசாகவே இருந்தன.