யாருக்குப் பிடிக்கவில்லை?

"புதிய தலைமை நர்ஸ் நியமனம் தப்பு." பெயரில்லாமல் வந்த கடிதத்தில் அந்த ஒரு வரிதான் இருந்தது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அதைக் கிளார்க்கிடம் நீட்டிச் சிரித்தார். "தப்புன்னா என்னய்யா அர்த்தம்? எழுதினவங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். யாருக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சா, யார் எழுதினதுன்னு தெரிஞ்சிடும்."

பதவி கிடைக்காத சீனியர் நர்ஸ்கள் இரண்டு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"வருத்தமா? இருபது வருஷ சர்வீஸ்ல அதெல்லாம் பழகிப்போச்சு சார்," என்றார் முதலாமவர்.

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போறேன். எனக்கெதுக்கு அந்தத் தலைவலி?" என்றார் அடுத்தவர்.

கண்காணிப்பாளருக்கு ஆவல் தாங்கவில்லை. புதிய தலைமை நர்ஸையே அழைத்துக் கடிதத்தைக் காட்டினார்.

"இது யார் வேலையா இருக்கும்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான்தான் எழுதினேன், அத்தான்."

"நீயா! உனக்கு இந்தப் பதவி பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. தனி ரூம், பகல் டியூட்டி, எதையும் விட மனசே வரலை. ஆனா, நீங்க என் அக்கா புருஷன்ங்கறதாலதானே கிடைச்சுது? அது தப்புதானே?"

"அதை நேர்ல சொல்றதுக்கென்ன?"

"நீங்க சமாதானம் சொல்வீங்க. நானும் சந்தோஷமா தலையாட்டிடுவேன். அந்த பயத்துலதான் எழுதினேன்."

அவர் அவளுடைய நியமன உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு மணியை அழுத்தி, முதலில் விசாரித்த நர்ஸை மறுபடி வரச் சொன்னார்.