நனைந்த சரம்

முதல் வெடிக்கே அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து உள்ளறைக்கு ஓடினாள்.

கட்டிலில் அவன் இல்லை.

குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். இரண்டு கைகளும் காதுகளில். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கைகள். அவற்றால் காதைச் சரியாக மூடக்கூட முடியாது.

"ஒண்ணுமில்ல. தெருவுல விடுதாக. ஒண்ணுமில்ல."

அடுத்த வெடி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அவன் வேட்டி நனைந்தது.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலந்துகொண்டிருந்தவன் அவள் புருஷன் பெத்துராஜ். அறை தீப்பிடித்த அன்று உள்ளே இருந்தவர்களில் உயிரோடு வந்தது அவன் ஒருவன்தான். அதற்கப்புறம் அந்த ஊரில் இருக்க முடியாமல் மதுரைக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவன் வாசல்படி தாண்டியதில்லை.

இங்கே எதற்குத்தான் வெடிக்க மாட்டார்கள்? பெண் பெரியவளானால் வெடி. ஆள் செத்தால் வெடி. யாரோ ஒரு தலைவர் காரில் கடந்துபோனால் வெடி. போன மாதம் ஒருவன் புது பைக் வாங்கியதற்கு வெடித்தான்.

ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தாள். "நல்லது கெட்டதுக்கு வெடிக்கிறத எப்படிம்மா தடுக்கிறது?" என்று ஏட்டு சிரித்தார்.

இன்று எதிர்வீட்டுப் பாண்டிமீனாவின் பிள்ளைக்குக் காதுகுத்து. காலையிலேயே போய், அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். எங்க வீட்டு முன்னால மட்டும் வேண்டாம் மீனா.

"அதுக்கென்னக்கா. அண்ணன்ட்ட சொல்லிர்றேன்."

சொல்லியிருப்பாள். அல்லது மறந்திருப்பாள்.

கட்டிலடியிலிருந்து எழுந்து அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. கொட்டு. வரிசையாகத் தாம்பாளங்கள். கழுத்தில் மாலையோடு ஒரு கிடாய், மிரண்டுபோய்க் கயிற்றை இழுத்தது. அவளுடைய படியிலிருந்து எதிர்வீட்டுப் பந்தல் வரைக்கும் சிவப்பாக ஒரு வெடிச்சரத்தை விரித்துப் போட்டிருந்தார்கள். பட்டுச் சட்டை போட்ட தாய்மாமன் ஊதுபத்தியோடு திரிக்குக் குனிந்தான்.

அவள் உள்ளே போய்க் குடத்தைத் தூக்கினாள்.

நிறைகுடம். இடுப்பில் தளும்பியது.

அவள் படியிறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சரத்தின் மேல் அப்படியே கவிழ்த்தாள்.

கொட்டு நின்றது.

"நல்ல காரியத்துல தண்ணிய ஊத்திட்டாளே பாவி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

தாய்மாமன் அணைந்த ஊதுபத்தியைப் பார்த்தான். பிறகு அவளை.

"நீங்க அந்த ஊருக்காரங்கதான? நாங்க வெடிக்கலைன்னா ஒங்க சனம்தான் பட்டினி கெடந்து சாகும். தெரியும்ல?"

"சாகட்டும்" என்றாள். "பட்டினி கெடந்து செத்தா மொகமாவது மிஞ்சும்."

அவள் வெறுங்குடத்தோடு உள்ளே வந்து கதவை அடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து கொட்டுச் சத்தம் மட்டும் திரும்பக் கேட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை வெளியே கொண்டுவர வெகுநேரம் ஆனது. துடைத்துவிட்டாள். வேறு வேட்டி கட்டிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

பாண்டிமீனா. பட்டுப்புடவையெல்லாம் வேர்வை. ஒரு கையில் கறிக்குழம்புத் தூக்கு. இன்னொரு கையில் சோறு.

"அண்ணன் பேசுனத மனசுல வச்சுக்காதக்கா. சாப்பாடு இங்கயே கொண்டாந்துட்டேன். நீங்க அங்க வந்து சிரமப்பட வேணாம்."

தூக்கைப் படியில் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த மாசம் மாடி வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம்க்கா. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவர எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போயிரேன். வெடிக்காம இருக்க முடியாது பாரு."

அவள் பாண்டிமீனாவின் முகத்தையே பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொல்கிறாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு மாரி?"

"எதிர்வீட்டுப் பிள்ளை."

"என்னவாம்?"

அவள் பாண்டிமீனாவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாப்பிடக் கூப்பிடுதாக."

"ஒன்னையா?"

"நம்ம ரெண்டு பேரையும்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"அந்த நீலச் சட்டை இருக்கா மாரி?"

பாண்டிமீனா தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள், கழுத்துப் பொத்தான் வரைக்கும். முடி மிஞ்சியிருந்த பக்கத்தை மட்டும் சீவினாள்.

வாசல்படியில் அவன் நின்றுவிட்டான். வெயிலில் கண் கூசியது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பந்தலில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை மார்போடு அணைத்து மறைத்தாள். பேச்சு ஒவ்வொரு பந்தியாக அடங்கிக்கொண்டே போனது. அவள் நடையைத் தளர்த்தவில்லை.

முன்வரிசையில் இரண்டு இலைகள் காலியாக இருந்தன. அவனை உட்கார வைத்தாள். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

தாய்மாமன் சோற்று வாளியோடு எதிரே நின்றிருந்தான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போடுங்க" என்றாள்.