சகலையின் சுளுக்கு

ஈரேழு உலகத்திலும் பொறாமையே அறியாத ஒரே பிறவி தாம்தான் என்று மூத்த மாப்பிள்ளை மனைவியிடம் அறிவிக்கிறார். சுற்றுலா வந்த வெளிநாட்டில், வெள்ளம் சூழ்ந்த விடுதியின் மொட்டைமாடியில் இருவரும் நிற்கிறார்கள். தண்ணீர் இரண்டாம் மாடியைத் தொட்டுவிட்டது. மேலே ஹெலிகாப்டர் தடதடக்கிறது. அடிபட்டவர்களுக்கே முதல் இடம் என்பதால், கூடச் சுற்றுலா வந்த சகலை கயிற்றில் ஏறுகிறான், டாட்டா வேறு காட்டுகிறான். "சுளுக்காம் சுளுக்கு! காலையில இடது கால், இப்ப வலது கால். மானமுள்ளவன் செய்வானா?" "விடுங்க, உங்களுக்குத்தான் வயிறே எரியாதே." அடுத்த நடைக்கு ஆள் பார்க்க மீட்புப்படைக்காரர் வருகிறார். மாப்பிள்ளை தம் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்து யோசிக்கிறார். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து அவரை நோக்கி நடக்கிறார்.