துள்ளிய வால்

விலங்கியல் வகுப்பறைச் சுவரில் குடியிருந்த பல்லிக்கு, மூலையில் நின்ற விளக்குமாறுதான் எமன்.

"விஷப்பூச்சியே, இன்னையோட உன் கதை முடிஞ்சுது!" என்று ஒருநாள் பாடவேளையிலேயே அது பாய்ந்து அடித்தது. அடித்த வேகத்தில் அதன் ஈர்க்குகளும் நாலு உதிர்ந்தன. பல்லி வாலை மேசைமேல் கழற்றிவிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

துள்ளிய வாலைப் பார்த்து, "ஒழிஞ்சான்!" என்று கொக்கரித்தது விளக்குமாறு.

பேராசிரியை மங்கையர்க்கரசி தன் பாடங்களை இணையத்தில் நேரலையாகப் போடுகிறவர். சட்டென்று செல்போனை வால்பக்கம் திருப்பினார்.

"பாருங்க, வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது. அடிக்க வந்தவனை ஏமாத்திட்டுத் தப்பிச்சிருச்சு. வால் மறுபடி முளைக்கும்."

"இனிமே எங்க வீட்ல பல்லியை அடிக்க மாட்டோம் மேடம்!" என்று பார்த்தவர்கள் எழுதிக் குவித்தார்கள். அதைப் பேராசிரியை வாசிக்கக் கேட்ட பல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

வால் வளர்ந்ததும் மறுபடி நேரலை. ஊரே பார்க்க, பல்லி நேராக விளக்குமாற்றின் உச்சியில் ஏறி நின்று புதுவாலை ஆட்டியது.

"அண்ணே, அன்னைக்கு உங்களுக்கும் நாலு ஈர்க்கு உதிர்ந்துச்சே, முளைச்சிருச்சா?"