பதினேழும் பளபள

"அப்பா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

ஆபீசிலிருந்து வந்தவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. ஹால் முழுக்க வார்னிஷ் வாசனை.

அப்பா நிமிர்ந்தார். கையில் உப்புத்தாள், மூக்கு நுனியில் மரத்தூள். முகத்தில் ஏழு மாதமாக யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு.

"பதினேழும் முடிஞ்சுதுடா! எப்படி? மூஞ்சி பாத்துக்கலாம்!"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தனையும் அவன் மனைவியின் பெட்டிகள்.

பழைய பெட்டி என்றால் அவளுக்கு உயிர். மூன்று டிரங்குப் பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பாள், அதுதான் டீப்பாய். எந்தக் காலத்துத் தையல்காரரோ வைத்திருந்த பட்டன் பெட்டியின் மேல் செடித்தொட்டி. யாரோ ஒரு டாக்டரின் மருந்துப் பெட்டிக்குள் டி.வி. ரிமோட்.

"வீட்டுக்குள்ள பெட்டியா, பெட்டிக்குள்ள வீடா?" என்று அவன் சீண்டுவான்.

"பேசாம இருங்க, உங்களையும் ஒண்ணுல போட்டு மூடிடுவேன்" என்பாள்.

அவள் தேடித் தேடிச் சேர்த்ததே அவற்றின் பழசுக்காகத்தான். பித்தளையில் படிந்த கறுப்பு, மரத்தில் விழுந்த கீறல், பாதி அழிந்துபோன பெயர். ஒருமுறை இவன் நல்ல பிள்ளையாக ஒரு பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வைத்தான். நாலு நாள் பேச்சே இல்லை.

இப்போது பதினேழும் நேற்று கடையில் வாங்கியவை போல மின்னின.

"அது அழுக்கு இல்லப்பா, பழமை! யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அப்பாவின் சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது. பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருஷம் வண்டி கழுவும் பகுதியைக் கட்டி மேய்த்தவர். மின்னாத பொருளெல்லாம் அவர் கணக்கில் அழுக்குப் பொருள்தான்.

"மருமக அவ தங்கச்சி வீட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சு, ஆச்சரியப்படுத்தலாம்னு பாத்தேன்..."

"ஆச்சரியமா? இன்னும் அரை மணியில வந்துடுவா. அப்ப தெரியும்!"

அவர் அவசரமாக உப்புத்தாளைக் கீழே வைத்தார். அம்மா போன பிறகு இங்கே வந்தவர், இன்னும் விருந்தாளி மாதிரிதான் இருந்தார். "ஃபேன் போட்டுக்கட்டுமா?", "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் வந்து நிற்பார். அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு என்ன வந்ததோ.

வாசலில் ஆட்டோ நின்றது.

உள்ளே வந்தவள் பையைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள். பட்டன் பெட்டியின் மூடியை விரலால் தடவினாள். தையல்காரரின் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"மாமா, யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?"

"யாரையும் கேக்கலம்மா."

"என்னைத்தான் கேக்கல. இவரையாவது?"

"இல்லம்மா. நானாத்தான்... தப்புத்தான்மா."

அவள் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் சட்டைகளை எடுத்து மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தார்.

"காலையில உன் அக்கா வீட்டுக்குக் கெளம்பிடறேன்டா. உனக்கு வேற எதுக்குக் கஷ்டம்?"

அவன் அறைக்குள் போனான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரு போயிடுச்சுங்க. எத்தனை வருஷமா இருந்த பேரு! இனிமே அது யார் பெட்டின்னு யாருக்குமே தெரியாது."

"புரியுது. அப்பா அக்கா வீட்டுக்குப் போறேங்கறார். அதுவும் நல்லதுதான். கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை முறைத்தாள்.

"அவர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"எது?"

"யாரையும் கேக்கலையாம்!"

"அதான் தப்புன்னு நானும் சத்தம் போட்டேனே."

"போடுவீங்களே! ஏழு மாசமா ஃபேன் போடறதுக்குக்கூட என் மூஞ்சியைப் பாத்துட்டு நின்னவருங்க. இன்னிக்குத்தான் இது நம்ம வீடுன்னு நெனச்சு ஒரு பொருள்ல கை வெச்சிருக்கார். அதுக்குப் போய் யாராவது சத்தம் போடுவாங்களா?"

"நீயும்தானே யாரைக் கேட்டுப் பண்ணீங்கன்னு கேட்டே?"

"நான் நெஜமாவே யாரையும் கேக்கலையான்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் வந்த முதல் பெட்டி அது. எந்தக் காலத்திலோ யாரோ கடிதம் எழுத வைத்திருந்தது. திறந்து திறந்து, அந்த யாரோ ஒருவரின் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் மூடியில் கறுத்துக் குழிந்திருக்கும். அவன் இதுவரை அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான்.

"ஏய், அது வேணாம்!" என்று அவன் பதறி எழுவதற்குள் ஹாலுக்குப் போய்விட்டாள்.

மாமனாரின் மடியில் இருந்த சட்டைகளை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அங்கே அந்தப் பெட்டியை வைத்தாள்.

"மாமா, இது ஒண்ணு உங்க கண்ணுல படவே இல்ல போல."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளைப் பூட்டைக் கண்டதும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. கை தானாக உப்புத்தாளைத் தேடிப்போனது. பிறகு என்ன நினைத்தாரோ, பாதியில் நின்றுவிட்டது.

"இதையும் தேய்ச்சுடட்டுமாம்மா?"

அவளுக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

"பாத்தீங்களா! மறுபடியும் கேக்கறீங்க!"